பக்கநோக்கு: 'அவெர்ட்டட் விஷன்' என்பதற்கு ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

தொலைநோக்கியில் மங்கலான விண்மீன் கொத்து நன்றாகத் தெரிவதற்காக அதை நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்க்கிறோமே, அந்த 'அவெர்ட்டட் விஷன்' முறைக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில், நம் குழுவில் இதுவரை 'கடைக்கண் பார்வை', 'விலகுநோக்கு' என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து.

கடைக்கண் அழகான சொல்தான். ஆனால் கடைக்கண்ணால் ஒருவரைப் பார்க்கும்போது முகம்தான் வேறு பக்கம் இருக்கிறது. கருவிழி அவரை நோக்கியே ஓரத்துக்குப் போகிறது. அவர் உருவம் விழித்திரையில் பார்வை கூர்மையாக உள்ள நடுப்பகுதியான மஞ்சள் புள்ளியில்தான் விழுகிறது. நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. கருவிழி கொத்தை விட்டு நகர வேண்டும், கவனம் மட்டும் கொத்திலேயே நிற்க வேண்டும். மஞ்சள் புள்ளியின் நட்டநடுவில், நல்ல வெளிச்சத்தில் மட்டும் வேலை செய்யும் கூம்பு செல்கள்தான் இருக்கின்றன. மங்கிய ஒளியை உணரும் குச்சி செல்கள் நடுவை விட்டுத் தள்ளித்தான் அடர்ந்திருக்கின்றன. ஆகவே கடைக்கண் என்று எழுதினால் படிப்பவர் தவறாகவே செய்வார். ஓரக்கண்ணுக்கும் இதே சிக்கல்தான்.

விலகுநோக்கு எனக்கும் முதலில் பிடித்திருந்தது. போன மே மாதம், நிலவில்லாத ஓர் இரவில், தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளை வாசலில் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியை வைத்திருந்தேன். வடக்கே திருப்பூர் வெளிச்சம். தெற்கு நல்ல இருட்டு. பத்து மணி சுமாருக்கு ஒமேகா சென்டாரி தென்வானில் தன் அதிகபட்ச உயரத்துக்கு வரும். நம் ஊரிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேல் 32 பாகை உயரம்தான். 17,000 ஒளியாண்டுத் தொலைவில், ஒரு கோடி விண்மீன்கள் அடைந்து கிடக்கும் கோளக் கொத்து.

அம்மா அரை மணி நேரமாகக் கயிற்றுக் கட்டிலில் இருட்டில் உட்கார்ந்து கண்ணைப் பழக்கியிருந்தார். கண்ணருகு வில்லையில் குனிந்தவர், "பால் சிந்துனாப்ல வெளுப்பாத் தெரியுது கண்ணு, மீனு ஒண்ணையுங் காணோமே" என்றார். "கொஞ்சம் விலகிப் பாருங்கம்மா" என்றேன். தலையையே எடுத்துவிட்டார்! மறுபடி சொன்னபோதும் அப்படித்தான். அப்புறம் "அதையே பார்க்காதீங்க, பக்கத்துல பாருங்க" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. "அட, ரவையக் கொட்டுனாப்ல இருக்குது!"

இருட்டில், கருவியைத் தொட்டே பார்த்திராத ஒருவருக்குச் சொன்னதும் கை, தலை எதுவும் அசையாமல் கண் மட்டும் நகர வேண்டும். அதைச் செய்தது 'பக்கத்தில் பார்' என்பதுதான். எனவே என் பரிந்துரை 'பக்கநோக்கு'. எதிர்ச்சொல் 'நேர்நோக்கு'.

பொறியியல் வரைபடத்தின் 'பக்கத்தோற்றம்' குறுக்கிடும் என்று சிலருக்குத் தோன்றலாம். தோற்றம் பொருளுடையது, நோக்கு பார்ப்பவருடையது. குழம்பாது என்றே நினைக்கிறேன்.

இந்தச் சொல்லில் இன்னொரு வசதியும் உண்டு. பக்கம் என்றதும், எந்தப் பக்கம் என்ற கேள்வி தானாக எழும். எழத்தான் வேண்டும். ஒவ்வொரு கண்ணிலும் ஒளியையே உணராத குருட்டுப் புள்ளி ஒன்று இருக்கிறது. வலக்கண்ணால் பார்ப்பவர் கொத்துக்கு இடப்பக்கம் நோக்கினால், கொத்து அந்தப் புள்ளியில் விழுந்து அடியோடு மறைந்துபோகலாம். வலப்பக்கம் நோக்க வேண்டும். இடக்கண் என்றால் இடப்பக்கம். எவ்வளவு தூரம்? வில்லையில் தெரியும் வட்டத்தின் நடுவுக்கும் விளிம்புக்கும் பாதி வழி வரை போனால் பெரும்பாலும் போதும். 'விலகுநோக்கு' என்றால் இந்தக் கேள்வியே வராது.

அன்றிரவு குறிப்பேட்டில் எழுதியது இது. சொல் வாக்கியத்தில் பொருந்துகிறதா என்று நீங்களே படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்: "ஒமேகா சென்டாரி. நேர்நோக்கில் வெண்புகை. வலப் பக்கநோக்கில் விளிம்பெல்லாம் பொடி மீன்கள், நடுவிலும் சில."