பார்சலில் வந்தது பிளவுஸ் துணி இல்லை

வாட்ஸ்அப் குழு: சிப்புட் சொந்தங்கள் (சுங்கை சிப்புட், மலேசியா)
வெள்ளிக்கிழமை

குமார் மாமா, காலை 6:02
அனைவருக்கும் இனிய காலை வணக்கம் 🌹 நாளை சனிக்கிழமை காலை 9 மணியிலிருந்து நம் தாமானில் தண்ணீர் இருக்காதாம். தோங்கில் பிடித்து வைத்துக்கொள்ளவும்.

செல்வி அத்தை, மாலை 5:41
யார் வீட்டுப் பார்சல் இது? என் பிளவுஸ் துணி வந்துவிட்டது என்று கத்தரிக்கோல் போட்டுத் திறந்துவிட்டேன், உள்ளே பார்த்தால் இங்கிலீஷ் புத்தகம். அட்டையில் ஒரு இந்தியப் பெண், கையில் மருதாணி, ஐஸ் கோப்பியைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். யாருக்கு லா கல்யாணம்?

பிரகாஷ், 5:43
எனக்கு இல்லை. இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

தர்ஷினி, 5:44
அத்தை அது என்னுடையது!! பகலில் வீட்டில் ஆள் இருக்காது என்று உங்கள் முகவரியைக் கொடுத்தேன், சொல்ல மறந்துவிட்டேன். கத்தரிக்கோல் அட்டையில் படவில்லையே?

செல்வி அத்தை, 5:45
படவில்லை.

அம்மா, 5:45
எத்தனை வெள்ளி

தர்ஷினி, 5:46
பழைய புத்தகம் மா, 18 வெள்ளி, தபாலோடு சேர்த்து.

குமார் மாமா, 5:52
காதல் கதையா? எஸ்டிபிஎம் பரீட்சை முடித்து வீட்டில் இருக்கிற பிள்ளை கார் லைசன்ஸ் எடுக்கலாம், கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளலாம். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்.

தர்ஷினி, 5:58
மாமா, இதில் வருகிற பெண்ணே கம்ப்யூட்டர் பைத்தியம்தான். புத்தகத்தின் பெயர் வென் டிம்பிள் மெட் ரிஷி, சந்தியா மேனன் எழுதி 2017இல் வந்தது. டிம்பிள் அமெரிக்காவில் பிறந்த இந்தியப் பெண், செயலி எழுதக் கற்றுத்தரும் கோடைக்கால முகாமுக்கு சான் ஃபிரான்சிஸ்கோ போகிறாள், அம்மா எப்படி இவ்வளவு சுலபமாக விட்டார் என்று அவளுக்கே சந்தேகம். காரணம் என்ன என்றால் அதே முகாமுக்கு ரிஷி என்று ஒரு பையனையும் அவன் வீட்டில் அனுப்பியிருக்கிறார்கள், இரண்டு வீட்டுக்கும் பேச்சு முடிந்துவிட்டது. அவனுக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது. முதல் நாளே அவன் வந்து "வருங்கால மனைவியே" என்கிற மாதிரி ஏதோ சொல்ல, இவள் கையில் இருந்த ஐஸ் கோப்பியை அவன் மேலேயே வீசிவிட்டு ஓடிவிடுகிறாள் 😂

செல்வி அத்தை, 6:01
ஐயோ பாவம். ஐஸ் கோப்பி என்ன விலை இப்போது.

பிரகாஷ், 6:02
இதைத்தான் மிஸ்மேட்ச்ட் என்று நெட்ஃபிளிக்ஸில் ஹிந்தித் தொடராக எடுத்தார்கள், 2020இல். ரூம்மேட் பார்த்தான். நான் பார்க்கவில்லை.

ராஜி சித்தி, 6:03
அவன் பார்த்தான், நீ பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்.

பிரகாஷ், 6:03
🙈

அம்மா, 6:10
மாதத்துக்கு நாலு புத்தகம் வருகிறது. எல்லாம் ஒரே கதைதானே, பையன் பெண்ணைப் பார்ப்பான், சண்டை வரும், கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். இதில் என்னதான் இருக்கிறது? கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

தர்ஷினி, 6:24
சரி மா, சொல்கிறேன், நீளமாக இருக்கும். சேர்ந்துவிடுவார்கள் என்று முதல் பக்கத்திலேயே தெரியும், அதற்குத்தான் படிக்கிறேன். நான் படிவம் 3இல் படித்த இங்கிலீஷ் கதைகளில் நம்மை மாதிரி ஒரு பெண் வந்தால் அவள் தோழியாக இருப்பாள், கதாநாயகிக்குப் புத்தி சொல்வாள், கணக்கு நன்றாகப் போடுவாள், இல்லையென்றால் வீட்டில் அடி வாங்கிக்கொண்டு அழுவாள். அவள் மேல் ஒருவனுக்கு ஆசை வரும், அவளுக்குக் கோபம் வரும், அசட்டுத்தனமாக ஏதாவது செய்வாள், அப்படியும் கடைசிப் பக்கத்தில் உயிரோடு சந்தோஷமாக இருப்பாள் என்று யாரும் எழுதியதை நான் பார்க்கவில்லை. டிம்பிளுக்கு மூக்குக் கண்ணாடி, மேக்கப் பிடிக்காது, அம்மாவோடு ஓயாத சண்டை. அவள் இந்தியப் பெண்ணாக இருப்பது கதையில் ஒரு நோய் மாதிரி இல்லை. வீட்டில் கிடக்கிற நாற்காலி மாதிரி, அது பாட்டுக்கு இருக்கிறது.

ராஜி சித்தி, 6:31
நாற்காலி நன்றாக இருக்கிறது. ஆனால் அக்கா, நீ கேட்கலாமா? ரப்பர் தோட்ட லயத்தில் இருந்தபோது ரமணிசந்திரன் புத்தகத்தைத் தலையணை உறைக்குள் வைத்துப் படித்தது யார்? ஈப்போவிலிருந்து ஒன்று வந்தால் பத்து வீடு சுற்றும். வேலை முடிந்த கையோடு படிப்பதால் எல்லாப் பக்கத்திலும் ஒட்டுப்பால் வாடை அடிக்கும், என்னிடம் வரும்போது கடைசி நாலு பக்கம் கிழிந்திருக்கும், பக்கத்து வீட்டு அக்கா வாயால் முடிவைச் சொல்லுவார், அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு முடிவு.

அம்மா, 6:32
அது வேறு

ராஜி சித்தி, 6:32
என்ன வேறு?

அம்மா, 6:35
அதில் குடும்பம் இருக்கும்.

தர்ஷினி, 6:37
இதிலும் இருக்கிறது மா! அதுதான் எனக்குப் பிடித்ததே. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதையில் அப்பா அம்மா எங்கேயோ வேலைக்குப் போயிருப்பார்கள், கண்ணில் படவே மாட்டார்கள். இந்தப் புத்தகங்களில் பெண் காதலித்தால் வீடு முழுக்கக் காதலிக்கிற மாதிரிதான், எல்லாருக்கும் ஒரு கருத்து இருக்கும். இந்தக் குழு மாதிரி.

பிரகாஷ், 6:38
😂😂

பிரகாஷ், 6:40
எனக்கு ஒரு குறை. எல்லாம் ஹிந்திக்காரக் குடும்பம். தமிழ்ப் பெண்ணைப் பார்க்க 2020 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று, நெவர் ஹேவ் ஐ எவர் தொடரில் தேவி. நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாத் தமிழ்ப் பெண், 15,000 பேர் போட்டியிட்டதில் எடுத்தார்களாம். அதிலும் பாருங்கள், வீட்டில் நளினி, தேவி என்று பேர் இருக்கிறது, பண்டிகை வந்தால் கணேஷ் பூஜையாம். ஏன், விநாயகர் சதுர்த்தி என்றால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

தர்ஷினி, 6:42
ஆமாலா அண்ணே, எனக்கும் அந்த இடம் உறுத்தியது. டிம்பிளில் ஹிந்தி வார்த்தை வரும்போதெல்லாம் நான் விருந்தாளி மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். பாதிதான் நான், மீதி யாரோ. அந்தப் பாதிக்கே 18 வெள்ளி கொடுத்திருக்கிறேன்.

குமார் மாமா, 6:50
வெள்ளைக்காரன் ஏன் திடீரென்று நம்மவர் கதையைப் போடுகிறான்? லாபம் இருக்கும்.

ராஜி சித்தி, 6:58
லாபம் இருக்கிறது மாமா, ஆனால் தானாக வரவில்லை. 2014இல் நியூயார்க்கில் பெரிய புத்தக விழா, பிள்ளைகளுக்கு எழுதுகிறவர்கள் என்று மேடையில் ஏற்ற ஒரு பட்டியல் போட்டார்கள், அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள். எழுத்தாளர்கள் இணையத்தில் சண்டை பிடித்தார்கள், வி நீட் டைவர்ஸ் புக்ஸ் (எல்லா வகை மக்களின் புத்தகமும் வேண்டும்) என்று ஓர் அமைப்பே அதிலிருந்து வந்தது. ஜென்னி ஹான் எழுதிய டு ஆல் த பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர் காதல் கதையும் அதே வருடம்தான். நாயகியின் அப்பா வெள்ளைக்காரர், இறந்துபோன அம்மா கொரியப் பெண். அதைப் படமாக எடுக்க வந்தவர்கள் நாயகியை வெள்ளைக்காரப் பெண்ணாக மாற்றலாமா என்று கேட்டார்களாம், ஆசியப் பெண்ணையே போடுகிறோம் என்று ஒரே ஒரு கம்பெனிதான் ஒத்துக்கொண்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். 2018இல் படம் வந்து உலகம் முழுக்க ஓடியது.

தர்ஷினி, 7:00
அந்தப் படத்தில் நாயகன் யாகுல்ட்டை எடுத்துக் குடிப்பான். நம் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிற அதே குட்டி பாட்டில்! படத்தை நிறுத்திவிட்டுப் போய் நானும் ஒன்று குடித்தேன்.

அம்மா, 7:01
அன்றைக்கு ஐந்து குடித்தாய்.

ராஜி சித்தி, 7:05
பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் எழுதியது, பிள்ளைக்குப் புத்தகம் ஜன்னலாகவும் இருக்க வேண்டும், கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்று.

தர்ஷினி, 7:16
கண்ணாடி மட்டும் என்றால் எனக்குச் சலித்துவிடும் சித்தி. எனக்கு மிகவும் பிடித்தது தி சன் இஸ் ஆல்சோ எ ஸ்டார், நிக்கோலா யூன் 2016இல் எழுதியது. நட்டாஷா ஜமைக்காவில் பிறந்த கறுப்பினப் பெண், டேனியல் கொரியப் பையன், கதை முக்கால்வாசி நியூயார்க்கில் ஒரே நாளில் நடக்கிறது, ஏனென்றால் அன்று இரவு நட்டாஷா குடும்பத்தை நாட்டை விட்டு அனுப்பப் போகிறார்கள். இதில் யாரும் நான் இல்லை. ஆனால் டேனியலின் அப்பா கறுப்பினப் பெண்களுக்கான தலைமுடிப் பொருள் விற்கிற கடை வைத்திருக்கிறார், நட்டாஷா அந்தக் கடைக்குள் நுழைகிற இடம் வந்ததும் எனக்கு நம் டவுன் ஞாபகம் வந்துவிட்டது. சாமான் வாங்க நாம் போகிற சீனர் கடை, கல்லாவில் அந்த அங்கிள், அவருக்கு "தம்பி", "நாளைக்கு வா" எல்லாம் தமிழில் தெரியும், நாற்பது வருடமாக நம்மோடு வியாபாரம், ஆனால் அவர் மகன் நம் வீட்டுப் பெண்ணோடு தே தாரே குடித்தால் இரண்டு பக்கமும் என்ன ஆகும்? அதை யாரும் எழுதவில்லை, நியூயார்க்கைப் படித்துத்தான் நான் சிப்புட்டை யோசித்தேன்.

குமார் மாமா, 7:17
எந்தச் சீனர் கடை?

தர்ஷினி, 7:17
உதாரணம் மாமா!!

பிரகாஷ், 7:18
மாமா விசாரணை ஆரம்பம்

தர்ஷினி, 7:22
நம் நாட்டிலும் எழுதுகிறார்கள். ஹன்னா அல்காஃப் 2019இல் தி வெய்ட் ஆஃப் அவர் ஸ்கை எழுதினார், காதல் கதை இல்லை, 1969 மே 13 மலாய்க்காரர்-சீனர் கலவரத்தில் அம்மாவைத் தேடுகிற மலாய்ப் பெண்ணும் அவளைக் காப்பாற்றுகிற சீனக் குடும்பமும். கோலாலம்பூர் ரெக்ஸ் தியேட்டரில்தான் அவள் மாட்டிக்கொள்கிறாள்.

குமார் மாமா, 7:24
ரெக்ஸா? பெட்டாலிங் ஸ்ட்ரீட் ரெக்ஸா? அங்கே நான் படம் பார்த்திருக்கிறேன். லாரி ஓட்டிய காலத்தில். அந்தப் புத்தகம் இருந்தால் கொடு.

தர்ஷினி, 7:24
😳 இங்கிலீஷ் மாமா

குமார் மாமா, 7:25
எனக்கு இங்கிலீஷ் தெரியாதென்று யார் சொன்னது.

ராஜி சித்தி, 7:30
தமிழில் உன் வயதுக்கு எதுவும் படிக்கவில்லையா?

தர்ஷினி, 7:34
என் கையில் கிடைத்ததில் 18 வயதுப் பெண் காதலித்தால் அடுத்த அத்தியாயத்தில் மாத்திரை, இல்லையென்றால் தாலி. நடுவில் ஒன்றும் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பது, பசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்போம் பாலிக் பங்கு போடுவது, போனில் இரண்டு நீலக் கோடு வந்தும் பதில் வராதது, அதெல்லாம் தமிழில் வேண்டும். இன்னும் வேறு மாதிரிக் கதைகளும் படிக்கிறேன், அதைச் சித்தியிடம் தனியாகச் சொல்கிறேன்.

செல்வி அத்தை, 7:35
எந்த மாதிரி?

தர்ஷினி, 7:36
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ராஜி சித்தி, 7:37
சொல்லு, நான் இருக்கிறேன்.

செல்வி அத்தை, 7:52
பாட்டி இங்கே பக்கத்தில்தான் இருக்கிறார். எல்லாவற்றையும் படித்துக் காட்டச் சொன்னார். மருதாணிக் கையைத் தடவித் தடவிப் பார்க்கிறார். இருங்கள், பேசுகிறாராம்.

செல்வி அத்தை, 7:55
🎤 குரல் பதிவு 1:48

பிரகாஷ், 7:58
வெளியே இருக்கிறேன், சத்தம் கேட்கவில்லை. யாராவது எழுதுங்களேன்.

ராஜி சித்தி, 8:09
நான் எழுதுகிறேன், பாட்டி சொன்னபடியே. "நான் பிறந்த சீனர் வீட்டில் என்னைத் தமிழர் வீட்டுக்குக் கொடுத்தபோது எனக்கு இருபது நாள் என்பார்கள். ரப்பர் பால் வெட்டுகிற வீட்டில் வளர்ந்தேன், எனக்குத் தமிழ் மட்டும்தான் வரும், கண்ணாடியில் பார்த்தால் மட்டும்தான் சீனச்சி. உன் தாத்தா ஸ்டோரில் பால் ஊற்ற வரிசையில் நிற்கும்போது என் வாளியையும் தன் காண்டாக் கம்பில் மாட்டிக்கொண்டு நடப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார், ஒரு வருடம் அப்படியே. அவர் அம்மா, சீனப் பிள்ளை, சாதி எது என்று தெரியாது, வேண்டாம் என்றார். இவர் சண்டையும் போடவில்லை, அழவும் இல்லை. என் வாளியை இறக்கவில்லை, அவ்வளவுதான். தர்ஷி, உன் புத்தகத்தில் என்னை மாதிரி ஆள் யாராவது இருக்கிறாரா?"

தர்ஷினி, 8:10
இல்லை பாட்டி.

தர்ஷினி, 8:10
நான் படித்ததில் இதுவரைக்கும் இல்லை.

அம்மா, 8:12
ஒரு வருடம் என்று என்னிடம் சொன்னதே இல்லை. நாலு மாதம் என்றார்.

செல்வி அத்தை, 8:14
பாட்டி கேட்கிறார், கோப்பியை ஊற்றினாளே, அந்தப் பையன் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டானா?

தர்ஷினி, 8:15
இல்லை, அவனே வந்து மன்னிப்புக் கேட்கிறான். வேண்டுமானால் முகாமை விட்டுப் போய்விடுகிறேன் என்கிறான்.

செல்வி அத்தை, 8:17
சரி, அப்படியென்றால் வந்து படித்துச் சொல்லச் சொல்கிறார். தமிழில். நாளைக் காலையே வா.

குமார் மாமா, 8:18
நாளைக் காலை தண்ணீர் இல்லை. செய்தி போட்டேனே, யாரும் படிப்பதில்லை.

தர்ஷினி, 8:19
8 மணிக்கே வந்து தோங்கை நிரப்பிவிட்டுப் படிக்கிறேன் அத்தை. அதுவரைக்கும் புத்தகத்தைக் கவிழ்த்து வைக்காதீர்கள், முதுகு உடைந்துவிடும்.

செல்வி அத்தை, 8:26
கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறேன். 31ஆம் பக்கம்.