மறு: ‘நீரிழப்பு’ சரிதானா? வேறு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

வயிற்றுப்போக்குத் துண்டறிக்கையில், உடம்பில் தண்ணீர் குறைந்துபோவதற்கு (dehydration) ‘நீரிழப்பு’ என்றே போடலாம் என்று வந்த யோசனை எனக்கு ஒப்பவில்லை. பக்கத்திலேயே ‘நீரிழிவு’ நிற்கிறது. வேகமாகப் படித்தால் இரண்டும் ஒன்றுதான். நீரிழிவு என்று காதில் வாங்கியவர் சீனியை நிறுத்துவார். இங்கே கொடுக்க வேண்டியதோ சீனியும் உப்பும் கலந்த தண்ணீர். சர்க்கரை மிகவும் ஏறினால் சிறுநீர் அதிகம் போய் உடம்பு வறளும் என்பதால், ‘நீரிழிவால் நீரிழப்பு வரலாம்’ என்றும் எழுத நேரும். அதை ஒலிபெருக்கியில் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

இன்னொன்று, உடம்பு பற்றிய பேச்சில் ‘நீர்’ என்றால் பெரும்பாலும் மூத்திரம்தான்: நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, ‘நீர் பிரியலை’. வாலிநோக்கம் உப்பளத்தில் வெயிலில் நிற்பவரிடம் ‘நீரிழப்பு இருக்கா’ என்றால், நீர் நிறையப் போகிறதா என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் அது குறைந்து, கடும் மஞ்சளாகப் போவதுதான் அறிகுறி.

‘உடல்வறட்சி’ என்று வைப்போம். ‘நாக்கு வறண்டு போச்சு’ ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது.
— கீழக்கரை

வறட்சி என்றால் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் நிவாரணப் பட்டியல்தான் ஞாபகம் வரும் தம்பி! தோல் வறட்சியோடும் குழம்பும். கண்மாய் வற்றுவதுபோல ‘உடல்நீர் வற்றல்’ என்றால் என்ன?
— தொண்டி

‘வற்றல்’ ஒத்துவராது அக்கா. ‘பிள்ளை வத்திப்போச்சு’ என்றால் நாள்பட்டு மெலிந்த பிள்ளை. இது சில மணி நேரத்தில் வருவது. தோல் குழப்பம் நியாயம்தான். அதனால் சொல்லை மட்டும் போடாமல் சோதனையையும் சேர்ப்போம். வரைவு:

“உடல்வறட்சி: பேதி, வாந்தி, வியர்வையில் உடம்பின் தண்ணீரும் உப்பும் சேர்ந்து குறைவது. பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கி விடுங்கள். மெதுவாகப் படிந்து, கண் குழிந்து, தவிப்போடு குடித்தால் வறட்சி இருக்கிறது. மடிப்பு 2 விநாடிக்கு மேல் நின்று, குடிக்கவும் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தால் கடும் வறட்சி, உடனே ஆஸ்பத்திரி. விழுங்க முடிந்தால் வழியெல்லாம் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.”

வயதானவர்களுக்குத் தோல் எப்போதுமே தளர்ந்திருக்கும். அவர்களிடம் இந்தக் கிள்ளல் ஏமாற்றும். நாக்கு, சிறுநீர், மயக்கம் பாருங்கள் என்று தனியே எழுத வேண்டும்.

அளவு பற்றி: கடுமை இல்லாத வறட்சிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 75 மி.லி. கரைசல், 4 மணி நேரத்தில். 10 கிலோ பிள்ளைக்கு 750 மி.லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக. கலக்கிய கரைசல் 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும்.
— கீழக்கரை

சரி, உடல்வறட்சிக்கு நானும் கை தூக்குகிறேன். ஆனால் ஓ.ஆர்.எஸ். தூளை (கரைசலுக்கான உப்பு-சர்க்கரைத் தூள்) ‘ஒரு பொட்டலம் கலக்கவும்’ என்று மொட்டையாக விடாதீர்கள். 20.5 கிராம் பொட்டலம் 1 லிட்டருக்கு. சின்னது 200 மி.லி.க்கு. பெரியதை ஒரு டம்ளரில் கொட்டினால் உப்பு ஐந்து மடங்கு. பிள்ளைக்கு ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரை போகும். பொட்டலம் கிடைக்காத வீட்டுக்கு: 1 லிட்டர் ஆறவைத்த தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சீனி, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கல்லுப்பு வேண்டாம், கரண்டியில் அளவு நிற்காது. ‘தலைதட்டிய’ என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.
— தொண்டி