மாஸ்ட்டுக்குள் கை போனால் அது கவனக்குறைவு மட்டும்தானா?

கிடங்கு மேற்பார்வையாளர்:
சென்ற மாதம் எங்கள் கிடங்கில் உதவியாளர் ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல் நுனிகள் நசுங்கி, அவற்றை அகற்ற வேண்டியதாயிற்று. பெட்டிகளை அடுக்கும் மரத்தட்டான பேலட்டில் சரிந்திருந்த பெட்டியை நிமிர்த்துவதற்காக அவர் சுமை தூக்கும் வண்டியான ஃபோர்க்லிஃப்டின் முன்பக்கத் தூக்குச் சட்டமான மாஸ்ட்டின் இரு தூண்களுக்கு நடுவே கையை நுழைத்திருந்த நேரத்தில், அதைக் கவனிக்காத ஓட்டுநர் சுமையைத் தாங்கும் ஃபோர்க்கைச் சற்றே இறக்கிவிட்டார். விசாரணை அறிக்கை கவனக்குறைவு என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்தது. எனக்கும் அது சரியென்றே படுகிறது. தூண்களுக்கு இடையே கையோ காலோ போவதற்கு இடமளிக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி 1910.178 தெளிவாகவே சொல்கிறது. பயிற்சியின் முதல் நாளிலேயே நாங்களும் அதைச் சொல்லித் தருகிறோம். தெரிந்தே மீறுபவரைக் காப்பாற்ற எந்த ஏற்பாட்டால் முடியும்?

முன்னாள் ஓட்டுநர்:
ஐயா, நீங்கள் காட்டும் அதே விதியை இன்னொரு முறை படியுங்கள். இடமளிக்கக் கூடாது என்று அது கட்டளையிடுவது தொழிலாளிக்கு அல்ல, முதலாளிக்கு. பெட்டி ஏன் சரிந்தது என்ற கேள்வியை உங்கள் அறிக்கை கேட்கவே இல்லை. பலகை உடைந்த பேலட், தளர்வாகச் சுற்றிய பிளாஸ்டிக் உறை, வெளியே காத்திருக்கும் லாரி ஆகிய மூன்றும் சேர்ந்தால், இறங்கிச் சுற்றிப்போய்ச் சரிசெய்ய ஆகும் ஒரு நிமிடம் பெரிய தாமதமாகத் தோன்றிவிடும். நானே இருக்கையிலிருந்து முன்னால் சாய்ந்து, மாஸ்ட் வழியாகக் கை நீட்டியிருக்கிறேன். அப்படிச் சாயும்போது நெஞ்சோ முழங்கையோ லிவரில் பட்டால் போதும், நம் கையை நாமே நசுக்கிக்கொள்வோம். எனக்கு அப்படி நேராமல் போனதற்கு என் கவனம் காரணமில்லை.

பராமரிப்புப் பொறியாளர்:
இன்ஜினை அணைத்துவிட்டால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். நான் மிகவும் அஞ்சுவது அதற்குத்தான். தூக்க மட்டுமே ஹைட்ராலிக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் பம்ப் தேவை. இறங்குவதற்குச் சுமையின் எடையே போதும் என்பதால், பழைய வண்டிகள் பலவற்றில் இன்ஜின் நின்றிருந்தாலும் லிவரை அசைத்தால் ஃபோர்க் இறங்கிவிடும். ஓட்டுநர் இருக்கையில் இல்லாதபோது ஹைட்ராலிக்கைப் பூட்டிவிடும் அமைப்பு புதிய வண்டிகளில் உண்டு. ஆனால் உங்கள் உதவியாளருக்கு அதுவும் உதவியிருக்காது, ஏனெனில் ஓட்டுநர் இருக்கையில்தான் இருந்தார்.

கிடங்கு மேற்பார்வையாளர்:
பேலட்டின் நிலையை நாங்கள் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு மீறலுக்கும் சூழலைக் காரணம் காட்டத் தொடங்கினால் விதிக்கு மதிப்பே இருக்காது. இப்போதைக்கு அனைவருக்கும் கனமான தோல் கையுறையைக் கட்டாயமாக்கியிருக்கிறோம்.

பராமரிப்புப் பொறியாளர்:
சிராய்ப்பையும் மரச் சிம்பையும் கையுறை தடுக்கும். பல நூறு கிலோ இறங்கும்போது அது தடுக்காது. தொளதொளப்பான கையுறை சங்கிலிக்கும் உருளைக்கும் நடுவே சிக்கினால், கையையும் சேர்த்து இழுத்துவிடும். ஹைட்ராலிக் குழாயில் ஊசித்துளைக் கசிவு இருக்கும்போது கையால் தடவிப் பார்ப்பவர்களுக்கும் கையுறை பொய்யான துணிச்சலையே தருகிறது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். வெளியே சிறு புள்ளி மட்டும் தெரிந்தாலும் அது அவசர அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். கசிவை அட்டைத் துண்டு கொண்டுதான் தேட வேண்டும். கையுறையைவிட, மாஸ்ட்டின் பின்புறம் கம்பி வலை பொருத்துங்கள்.

கிடங்கு மேற்பார்வையாளர்:
வலை வைத்தால் ஃபோர்க்கின் நுனி சரியாகத் தெரியவில்லை என்று ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். கையைக் காப்பதற்காக, நடந்து செல்பவர் மீது வண்டியை ஏற்றும் நிலை வரக் கூடாது.

முன்னாள் ஓட்டுநர்:
அந்த அச்சம் நியாயமானது; ஓட்டுநரை உட்காரவைத்துப் பார்க்காமல் வலையைப் பொருத்த வேண்டாம். ஆனால் வலை ஓட்டுநரின் கையைத்தான் தடுக்கும், பக்கத்தில் நிற்கும் உதவியாளரின் கையைத் தடுக்காது. சுமை சரிந்தால் அதைத் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கிய பிறகே எவரும் பேலட்டை நெருங்கலாம் என்று எழுதிவையுங்கள். அதற்கான நேரத்தை ஏற்றும் கணக்கிலேயே சேருங்கள். உடைந்த பேலட்டை வாசலிலேயே திருப்பி அனுப்பும் அதிகாரத்தை ஓட்டுநருக்குக் கொடுங்கள்.

கிடங்கு மேற்பார்வையாளர்:
முதல் இரண்டையும் நாளையே எழுதிவிடுவேன். விதி மீறப்பட்டது என்ற வரியை அறிக்கையிலிருந்து நீக்க மாட்டேன். அந்தப் பேலட்டை யார் உள்ளே விட்டது என்ற வரி அதற்கு மேலே வரும். பேலட்டைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் என்னிடமே இல்லை. அதை நிர்வாகத்திடம் கேட்கப் போகிறேன்.