53 பாயிண்ட்ல தோத்த டீம் எப்படிங்க கப் அடிச்சது? (லாஸ் வேகாஸ் ஏசஸ், 2025)

காபியும்_கூடைப்பந்தும்:

எல்லாருக்கும் வணக்கம். நான் டபிள்யூஎன்பிஏ (அமெரிக்காவோட பெண்கள் கூடைப்பந்து லீக்) பாக்க ஆரம்பிச்சதே 2025 ஃபைனல்ஸ்லேந்துதான். தங்கச்சி காலேஜ் டீமுக்கு ஆடறா, அவ காலைல அஞ்சரைக்கே எந்திரிச்சு லேப்டாப்ப வச்சுட்டு உக்காந்துடுவா, நானும் காபியோட பக்கத்துல உக்காந்து அப்படியே பழகிடுச்சு. ஏசஸ் ஒரு மேட்ச் கூட விட்டுக்கொடுக்காம 4-0ன்னு ஃபீனிக்ஸ் மெர்க்குரிய ஜெயிச்சாங்க. சரி இது அசைக்க முடியாத டீம் போலன்னு நெனச்சு பழைய ரிசல்ட்ட எல்லாம் எடுத்துப் பாத்தா தலையே சுத்துது. ஆகஸ்ட் 2-ம் தேதி, சொந்த ஊர்ல, மினசோட்டா லிங்க்ஸ்கிட்ட 111-58. அதாவது 53 பாயிண்ட்! அன்னிக்கு அவங்க கணக்கு 14 வெற்றி 14 தோல்வி. அதுக்கப்புறம் ரெகுலர் சீசன்ல மிச்சம் இருந்தது 16 மேட்ச், பதினாறையும் ஜெயிச்சு 30-14ல முடிச்சிருக்காங்க.

வீடியோல எல்லாம் ஒரே கதைதான் சொல்றாங்க, தோத்ததுக்கு அப்புறம் ஏசஸோட ஸ்டார் ஏஜா வில்சன் டீம் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டாங்க, நேத்து ஆட்டத்துக்கு வெக்கப்படாதவங்க யாரும் இந்த ஜிம்முக்குள்ள வர வேணாம்னு, உடனே டீம் மாறிடுச்சுன்னு. ஒரே ஒரு மெசேஜ்ல ஒரு டீம் மாறுமா? தங்கச்சி மாறும்ங்கறா. எனக்கு மனசு ஒப்பல. மே மாசத்துலேந்து பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, நிஜமா என்னதான் நடந்துச்சு?

பழைய_பாயிண்ட்_கார்டு:

தம்பி, நல்ல கேள்வி. நான் மாவட்ட டீமுக்கு எட்டு வருஷம் ஆடினவ, இப்ப ஸ்கூல் பொண்ணுங்களுக்கு சாயங்காலம் கோச்சிங் குடுக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

மெசேஜ் உண்மைதான். அத நான் கொறைச்சு சொல்லல, கேப்டன் ஸ்தானத்துல இருக்கறவ அப்படி ஒரு வார்த்தை சொல்லணும்னா அதுக்கு முன்னாடி அவ தன்னையே கேட்டிருக்கணும். ஆனா அந்த டீம் ஏன் 14-14ல இருந்துச்சுன்னு புரிஞ்சாதான் ஏன் மாறுச்சுன்னு புரியும்.

2022, 2023 ரெண்டு வருஷமும் கப் இவங்களுக்குத்தான். 2024ல செமிஃபைனல்ல நியூயார்க்கிட்ட 3-1ன்னு தோத்தாங்க. அதுக்கப்புறம் கெல்சி பிளம் லாஸ் ஏஞ்சல்ஸ் போயிட்டாங்க, மூணு டீம் சேர்ந்து ஆளுங்கள மாத்திக்கிட்ட டிரேடு அது, அதுல சியாட்டில்லேந்து ஜூவல் லாயிட் இங்க வந்தாங்க. எல்லாரும் அத மட்டும்தான் பேசினாங்க, ஒரு கார்டு (வெளில நின்னு பால் கொண்டு வர்ற ஆட்டக்காரர்) போனாங்க இன்னொரு கார்டு வந்தாச்சு, சரியா போச்சுன்னு. யாரும் பெருசா பேசாத விஷயம் பெஞ்ச், அதாவது முதல் அஞ்சு பேருக்குப் பதிலா இறங்கறவங்க. 2023ல சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் (பெஞ்சுலேந்து வர்றவங்கள்ல சிறந்தவங்க) விருது அலிஷா கிளார்க்குக்கு, 2024ல அதே விருது டிஃபனி ஹேய்ஸுக்கு, ரெண்டு பேருமே ஏசஸ். ரெண்டு பேருமே 2025ல இல்ல! கிளார்க் சியாட்டிலுக்கும் ஹேய்ஸ் புது டீமான கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸுக்கும் போயிட்டாங்க. அப்ப மெயின் அஞ்சு பேர் மூச்சு வாங்க வெளிய வந்து உக்காந்தா உள்ள போய் கட்டிக்காக்க ஆள் இல்ல. ஜூன்ல அந்த வால்கிரீஸே இவங்கள 95-68ன்னு அடிச்சாங்க, அப்பவே எனக்கு பயம் வந்துடுச்சு.

அடுத்தது லாயிட். சியாட்டில்ல அவங்கதான் எல்லாம், 2023ல மேட்சுக்கு 24.7 பாயிண்ட் எடுத்து லீக்லயே முதல் ஆளு. அப்படி பால் கையிலயே இருந்து பழகினவங்கள செல்சி கிரே, ஜாக்கி யங், ஏஜா மூணு பேர் இருக்கற அஞ்சுல போட்டா என்ன ஆகும், ஓரமா நின்னு பால் வருமான்னு பாத்துட்டு இருப்பாங்க. அவங்க மோசமா ஆடறாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா அந்த இடம் அவங்களுக்கானது இல்ல. மூணாவது, ஏஜா பக்கத்துல நிக்கற பெரிய ஆளு ஸ்கோர் பண்ண மாட்டாங்கன்னு தெரிஞ்சா எதிராளி ரெண்டு பேரா ஏஜா மேலயே வந்து விழுவாங்க. அதோட ஜூன்ல ஏஜாவுக்கு தலையில அடிபட்டு சில மேட்ச் ஆடல.

இப்ப சரி பண்ணினது என்னன்னு பாருங்க. ஜூன் 30 அன்னிக்கு 2027 முதல் ரவுண்டு பிக்க (அந்த வருஷம் புது ஆட்டக்காரர எடுக்கற வாய்ப்ப) குடுத்துட்டு டல்லஸ்லேந்து நலிசா ஸ்மித்த வாங்கினாங்க. ஓடுவாங்க, எம்புவாங்க, ரீபவுண்டுக்கு (உள்ள விழாம திரும்பற பாலுக்கு) சண்டை போடுவாங்க, அவங்கள விட்டுட்டு ஏஜாவ சுத்தி வளைச்சா ரிங் கீழ ஈசியா போட்டுடுவாங்க. கோச் பெக்கி ஹாமன் லாயிட்ட பெஞ்சுலேந்து இறக்க ஆரம்பிச்சாங்க, ஸ்டார்ட்டிங்ல கியர்ஸ்டன் பெல் வந்தாங்க, பெல்லுக்கு பாலே குடுக்கலன்னாலும் டிஃபென்ஸ் பண்ணிட்டு சந்தோஷமா இருப்பாங்க. லாயிட் உள்ள வரும்போது பால் அவங்களுக்குன்னு ஆயிடுச்சு. கிளார்க்கும் ஹேய்ஸும் விட்டுட்டுப் போன வேலை இருக்கே, அதுக்கு ஆள் கெடச்சாச்சு! எனக்கு இந்த சீசன்ல மனச தொட்ட விஷயம் இதுதான். ரெண்டு கப்பு ஜெயிச்ச, ஒலிம்பிக் தங்கம் வாங்கின பொண்ணு, பெஞ்சுல உக்காருன்னா உக்காந்தா. எங்க பொண்ணுங்க கிட்ட முதல் அஞ்சுல பேர் இல்லன்னு சொன்னா அன்னிக்கு வீட்டுலேந்து ஃபோன் வரும்.

லிங்க்ஸ்_பக்கம்:

அக்கா சொன்னதுல தப்பு எதுவும் இல்ல, ஆனா பாதி கதைதான் வந்திருக்கு. நான் மினசோட்டா ஆளு, பத்து வருஷமா இங்கதான் இருக்கேன், மனசு ஆறல அதனால சொல்றேன். அந்த 111-58 மேட்ச்லயேதான் எங்க ஸ்டார் நஃபீசா காலியருக்கு கணுக்கால் பிசகுச்சு, அதுக்கப்புறம் வாரக்கணக்குல ஆடல. அப்படி இருந்தும் லிங்க்ஸ் 34-10, லீக்ல முதலிடம். செமிஃபைனல்ல ஃபீனிக்ஸ்கிட்ட மூணாவது மேட்ச்ல திரும்ப காலியருக்கு கணுக்கால்ல அடி, சீரிஸே 3-1ன்னு போச்சு. ஏசஸ் பிளேஆஃப்ல (ரெகுலர் சீசனுக்கு அப்புறம் கப்புக்காக நடக்கற சுற்றுல) எங்கள சந்திக்கவே இல்ல. இந்தியானால அவங்க ஸ்டார் கெய்ட்லின் கிளார்க் ஜூலைலேந்தே ஆடல, அந்த டீமே செமிஃபைனல்ல ஏசஸ அஞ்சு மேட்ச் வரைக்கும் இழுத்துச்சு, அஞ்சாவதும் ஓவர்டைம். அந்த மேட்ச்ல பாதில இந்தியானாவோட கெல்சி மிட்செல் கால் மரத்துப்போய் வெளிய போனாங்க. முதல் ரவுண்டுல ஏசஸ் சியாட்டில்கிட்ட ஒரே ஒரு பாயிண்ட்ல தப்பிச்சாங்க. சரியா ஆடினாங்க, ஒத்துக்கறேன், ஆனா அதிர்ஷ்டமும் கூட இருந்துச்சுன்னு யாராச்சும் சொல்லணும்ல.

பழைய_பாயிண்ட்_கார்டு:

தம்பி உங்க வருத்தம் புரியுது, காலியர் ஆடிருந்தா ஃபைனல்ஸ் வேற மாதிரி இருந்திருக்கலாம், அதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா அந்த 16ல செப்டம்பர் 4 உங்க டீமுமே வந்துச்சு, 97-87ன்னு ஏசஸ்தான் ஜெயிச்சாங்க. ஒரு மாசம் முன்னாடி 53ல தோத்த அதே டீம்கிட்ட. அட்லாண்டாவ 74-72, இப்படி கடைசி வரைக்கும் தொங்கின மேட்ச்சும் இருந்துச்சு. ஆகஸ்ட் 10 கனெக்டிகட் மேட்ச்ல ஏஜா 32 பாயிண்ட் 20 ரீபவுண்ட், லீக் ஆரம்பிச்ச 1997லேந்து 30-20 யாரும் எடுத்ததே இல்ல. அதிர்ஷ்டம் ஒரு சீரிஸ்ல வரலாம், பதினாறு மேட்சுக்கு வராது.

அரிசோனா_வெயில்:

நான் ஃபீனிக்ஸ் ஃபேன், மூணாவது ஃபைனல்ஸ் மேட்சுக்கு நேர்லயே போயிருந்தேன், அத சொல்லாம போக முடியல. பொண்டாட்டி, ரெண்டு பசங்க, நாலு டிக்கெட். ஏற்கனவே 0-2. முதல் மேட்ச்லயே எனக்கு லைட்டா புரிஞ்சுடுச்சு, ஏசஸ் பெஞ்ச் மட்டும் 41 பாயிண்ட், எங்க பெஞ்ச் 16. டேனா எவன்ஸ் 21, அக்கா சொன்ன அந்த லாயிட் 18. மேட்ச் 89-86ன்னு மூணு பாயிண்ட்லதான் போச்சு, அப்ப கணக்க நீங்களே போட்டுக்கோங்க. ரெண்டாவது மேட்ச்ல ஜாக்கி யங் மூணாவது குவார்ட்டர்ல மட்டும் 21 பாயிண்ட். பத்து நிமிஷம்ங்க ஒரு குவார்ட்டர்!

மூணாவதுல 17 பாயிண்ட் பின்னாடி இருந்தோம், பசங்க ரெண்டும் அழற மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் நாலாவது குவார்ட்டர்ல அரினா மொத்தமும் எந்திரிச்சு நிக்குது, எங்க சாட்டூ சபாலிக்கு தலையில அடிபட்டு உள்ள கூட்டிட்டுப் போறாங்க, அப்பவும் விடாம எங்க டிவானா பானர் 88-88ன்னு கொண்டு வந்துட்டாங்க. என் சின்னவன் என் தோள் மேல ஏறிட்டான். அஞ்சு செகண்ட் மிச்சம். பால் யாருக்குப் போகும்னு உள்ள இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஏஜாவுக்குத்தான். எங்க அலிசா தாமஸ் உடம்போட ஒட்டி நிக்கறாங்க, பானரும் வந்துட்டாங்க, ரெண்டு பேர் கைக்கு மேல தூக்கிப் போட்டாங்க, ரிங்ல பட்டு உள்ள விழுந்துச்சு. 0.3 செகண்ட்தான் பாக்கி. சத்தமே இல்ல அந்த இடத்துல, பெரியவன் மெதுவா "அப்பா, வீட்டுக்குப் போலாமா"ன்னான்.

அன்னிக்கு ஏஜா 34 பாயிண்ட் 14 ரீபவுண்ட். எனக்கு கோவம்லாம் வரல. தாமஸ் எவ்ளோ நல்லா டிஃபென்ஸ் பண்ணினாங்கன்னு நேர்ல பாத்தேன், அதுக்கு மேல மனுஷங்களால முடியாது. நாலாவது மேட்ச்ல சபாலி இல்ல, கோச்சையும் பாதில வெளிய அனுப்பிட்டாங்க, 97-86ல முடிஞ்சுடுச்சு.

காபியும்_கூடைப்பந்தும்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ வரும்னு நெனைக்கல. தங்கச்சிய உக்கார வச்சு முழுசா படிச்சு காமிச்சேன். ஒரு விஷயம் நான் மொதல்ல சொல்லல, அவளையும் இந்த வருஷம்தான் ஸ்டார்ட்டிங்லேந்து எடுத்து பெஞ்சுல வச்சிருக்காங்க, ரெண்டு வாரமா ஒழுங்கா சாப்பிடல. லாயிட் பத்தின பாராவ மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னா. அப்புறம் அவளே கேட்டா, ஃபைனல்ஸ் ஏற்கனவே பாத்தாச்சு, அதுக்கு முன்னாடி நடந்ததுல முழு மேட்ச் எது பாக்கலாம்னு.

பழைய_பாயிண்ட்_கார்டு:

பாப்பா பேர் சொல்லி நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க. மொதல்ல ஆகஸ்ட் 3 பாருங்க. 53ல தோத்த மறுநாளே மேட்ச், ஒரு ராத்திரி தூங்கிட்டு வந்து ஆடணும், எதிர்ல யாரு, ஜூன்ல 27 பாயிண்ட்ல அடிச்ச அதே வால்கிரீஸ். 101-77 ஜெயிச்சாங்க. ஸ்கோர பாக்காதீங்க, பெஞ்சுல உக்காந்திருக்கறவங்க முகத்தையும் டிஃபென்ஸுக்கு திரும்பி ஓடற வேகத்தையும் பாருங்க.

அப்புறம் சியாட்டில் மூணாவது மேட்ச், லிங்க்ஸ் தம்பி சொன்ன அந்த ஒத்த பாயிண்ட். ஏஜா 38 எடுத்தாங்க, ஆனா கடைசில அவங்க போட்டது உள்ள போகல. ஜாக்கி யங் நடுவுல பூந்து பிடிச்சு திருப்பிப் போட்டதுலதான் 74-73. அது மட்டும் விழாம இருந்திருந்தா 16 வெற்றியும் முதல் ரவுண்டோட மறந்து போயிருக்கும். யங் எந்த இடத்துலேந்து ஓடி வராங்கன்னு பாப்பாவ நிறுத்தி நிறுத்திப் பாக்கச் சொல்லுங்க. ஷூட் பண்ணினது ஏஜாங்கறப்ப மத்தவங்க நின்னுட்டாங்க, யங் நிக்கல.

சாப்பிடச் சொல்லுங்க மொதல்ல.