மாநகராட்சி உயர்நிலைப் பள்ளியில் பல மொழிப் பிள்ளைகள்: மகளைச் சேர்க்கலாமா?

கேள்வி (ராயபுரம், தாய்):
வணக்கம். தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடித்த என் மகளை, வீட்டுக்கு அருகிலுள்ள மாநகராட்சி உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்க்க விரும்புகிறேன். நேரில் போய்ப் பார்த்தபோது, தமிழ், தெலுங்கு, உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளோடு, பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால், தமிழ் தெரியாத பிள்ளைகளுக்காகப் பாடம் மெதுவாகப் போகும், இவள் பின்தங்கிவிடுவாள் என்று மாமியார் கவலைப்படுகிறார். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் (மாநகராட்சிப் பள்ளி ஆசிரியை):
உங்கள் மாமியாரின் கவலையை ஒதுக்கிவிட முடியாது, அம்மா. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஏழாம் வகுப்பில் நேராக வந்து சேரும் பிள்ளைக்கு அந்தப் படிகள் எதுவும் கிடைத்திருக்காது. தெருவில் விளையாடியே பேச்சு வந்துவிடும், எழுத்து வராது. என் வகுப்பில் ஒரு பீகார் மாணவன் ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்றே எழுதிவந்தான். பக்கத்திலிருந்த மாணவி அவன் விரலைப் பிடித்து ழகரத்தின் சுழியை நாள்தோறும் எழுத வைத்தாள். அந்தப் பருவத்தில் அவளுடைய எழுத்துப் பிழைகளும் குறைந்தன. கல்வி உரிமைச் சட்டம், 2009, வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் பிள்ளைக்குத் தனிப் பயிற்சி பெறும் உரிமையைத் தருகிறது. அது அங்கே உண்மையில் நடக்கிறதா என்று கேளுங்கள். நடந்தால் பாடம் தடைப்படாது.

பதில் (தண்டையார்பேட்டை, தந்தை):
ஒரு நடைமுறைச் செய்தி: மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளியும் இதில் அடங்கும்.

பதில் (முன்னாள் மாணவர்):
சென்னைக்குப் பல மொழிகள் புதியவை அல்ல. சௌகார்பேட்டையையும் திருவல்லிக்கேணியையும் பார்த்தாலே தெரியும். என்னை வருத்துவது வேறு. நான் படித்தபோது வங்கி ஊழியரின் மகனும் துறைமுகத்தில் சுமை தூக்குபவரின் மகனும் ஒரே பெஞ்சில் இருந்தோம். வசதியுள்ள வீடுகள் விலகியதால் இன்று அந்தக் கலப்பே குறைந்துவிட்டது. உங்களைப் போன்றவர்கள் சேர்த்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் கேள்வி கேட்கவும் ஆள் இருக்கும்; அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோரே.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. திங்கட்கிழமை தலைமையாசிரியரைச் சந்தித்துத் தனிப் பயிற்சி பற்றிக் கேட்கிறேன். மாமியாரையும் உடன் அழைத்துச் செல்கிறேன்.