ரத்தக் காட்டேரியை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

செம்பவாங் பேரன்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. மூடியில் அச்சிட்டிருந்த ராணியின் முகம் தேய்ந்துபோய், மூக்கும் கிரீடத்தின் ஓரமும்தான் மிச்சம். உள்ளே பாட்டியின் மூக்குத்தித் திருகு, தாத்தாவின் அடையாள அட்டை, ஆறு அங்குலத்தில் துருப்பிடித்த ஓர் ஆணி. ஆணியைத் தொட்டால் செங்கல் பொடி போல விரலில் ஒட்டிக்கொள்ளும்.

தாத்தா சிங்கப்பூரில், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1958இல் அம்மா பிறந்தது ஊழியர் குடியிருப்பில். பொந்தியானாக் என்பது ரத்தம் குடிக்கும் மலாய்ப் பெண் பேய். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்தப் பேயின் பெயரிலேயே ஒரு மலாய்ப் படம் வந்து ஊரைக் கலக்கியிருந்தது. மரியா மெனாடோ பேயாக நடித்த அந்தப் படத்தை இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ். "நம் ஊர்க்காரர் எடுத்த பேய்தானே" என்று தைரியமாகப் போய்ப் பார்த்த பாட்டி, அதன்பின் இரண்டு மாதம் இருட்டிய பிறகு கொல்லைப்பக்கம் போகவில்லையாம்.

பிரசவ நாள் நெருங்கியதும் பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி மெங்குவாங் தாழை இலைகளை வெட்டிக்கொண்டு வந்தார். ஓரமெல்லாம் முள். அவற்றைச் சன்னலுக்குக் கீழே வரிசையாகக் கட்டினார். பெனாங்கலான் வரும் என்பது அவர் கவலை. தலையை மட்டும் உடலிலிருந்து கழற்றிக்கொண்டு, குடல் பின்னால் தொங்க, பிரசவ ரத்தத்தைத் தேடிப் பறந்து வருபவள் அவள். முள்ளில் குடல் சிக்கிக்கொள்ளும் என்று அந்தப் பக்கமே வரமாட்டாளாம். பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. வரப்போவது காட்டேரிதான், அதற்கு வேப்பிலையும் இரும்பும்தான் வேண்டும் என்றார். வீட்டில் அரிவாள் இல்லை. தாத்தா தளத்திலிருந்து ஓர் ஆணியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். வரப்போவது யார் என்பதில் இரண்டு கிழவிகளும் கடைசிவரை உடன்படவில்லை. முள்ளும் இருக்கட்டும், ஆணியும் இருக்கட்டும் என்று முடிந்தது. அம்மா பிறந்தார். யாரும் வரவில்லை.

எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் கேட்க ஆசை. ஒரே நிபந்தனை: "நண்பனின் சித்தப்பா பார்த்தாராம்" வேண்டாம். உங்கள் கண், உங்கள் காது, இல்லையென்றால் உங்கள் வீடு.

தெக்கோங் காவல்காரன்

என் காது, என் மூக்கு. 2003, தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணி, தெக்கோங் தீவில் அடிப்படைப் பயிற்சி. காட்டில் கூடாரம் போட்டுப் படுத்த இரவு. இரண்டு மணிக்குக் காவல் முறை எனக்கும் ஒரு மலாய் நண்பனுக்கும் வந்தது. காற்றே இல்லை. திடீரென்று பூ வாசனை, மல்லிகையைவிடக் கனமாக. "என்ன வாச..." என்று தொடங்கியதுமே அவன் என் வாயைப் பொத்தினான். துப்பாக்கி எண்ணெய் நாறும் அந்த உள்ளங்கை இன்னும் நினைவிருக்கிறது. வாசனையைப் பற்றி வாய்விட்டுப் பேசக்கூடாதாம், பேசினால் அழைத்ததாக ஆகிவிடுமாம்.

சற்று நேரத்தில் குழந்தை அழுவது போல ஒரு சத்தம். அவன் காதோடு சொன்னான்: சத்தம் பலமாகக் கேட்டால் பொந்தியானாக் தூரத்தில் இருக்கிறாள், மெல்லக் கேட்டால் பக்கத்தில் இருக்கிறாள். சத்தம் தேய்ந்துகொண்டே போனது. வாழ்க்கையில் ஒரு சத்தம் ஓய்கிறதே என்று நான் அழுகையை அடக்கியது அன்று மட்டும்தான்.

விடிந்ததும் பார்த்தால், ஐம்பது அடி தள்ளிப் பழைய மலாய்க் கல்லறைகள் நாலைந்து, நடுவே ஒரு கெம்போஜா மரம். ஊரில் ஈழத்தலரி என்பார்களே, அதுதான். 1987 வரை தெக்கோங்கில் கிராமங்கள் இருந்தன. மக்கள் போய்விட்டார்கள், மரம் பூத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பூ இரவில்தான் அதிகமாக மணக்கும் என்று பிறகு படித்தேன். அந்துப்பூச்சிகளை இழுப்பதற்காம். வேடிக்கை என்னவென்றால் பூவில் தேன் கிடையாது. வாசனையைக் காட்டியே பூச்சியை ஏமாற்றிவிடும்.

அழுகைக்கு மட்டும் விடை இல்லை. பூனையாக இருக்கும் என்கிறாள் மனைவி. காட்டுக்குள் பூனை எப்படி வரும் என்றால், நீங்களே போயிருந்தீர்களே என்கிறாள்.

சிக்லாப் மாடி

எங்கள் கதை சின்னது. ஆறு மாதமாக நள்ளிரவில் கூரைமேல் யாரோ நடக்கும் சத்தம், கூடவே கேக்கில் மணத்துக்குச் சேர்க்கும் பாண்டான் இலையின் வாசனை. அந்த நேரத்தில் தெருவில் எவரும் கேக் சுடமாட்டார்கள். மாமியார் எலுமிச்சம்பழம் கட்டினார். ஒருநாள் விளக்கடித்துப் பார்த்தால், மாங்காயை வாயில் கவ்விக்கொண்டு ஒரு மரநாய் எங்களை முறைத்தது. மரநாயின் உடம்பில் இயல்பாகவே பாண்டான் மணம் உண்டு. எலுமிச்சம்பழத்தை அது தொடவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பரணிப் பித்தன்

பேரன் தம்பி, உங்கள் பாட்டி காட்டேரியைச் சொன்னதில் வியப்பில்லை. சில குடும்பங்களுக்குக் காட்டேரி படையல் வாங்கும் தெய்வமே ஆயிற்றே. பிரசவத்தில் எடுப்பவளும் அவள், காப்பவளும் அவள்.

உங்கள் ஆணியைத்தான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பொந்தியானாக்கின் பிடரியில் ஆணி அடித்தால் அவள் அழகிய பெண்ணாக மாறிக் குடும்பம் நடத்துவாள், பிடுங்கினால் மறுபடி பேய். எங்கள் ஊரில் பேயோட்டி, பிடித்த பெண்ணின் முடிக்கற்றையைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார். ஐரோப்பாவில் நெஞ்சில் மரக்கழுவை இறக்கினார்கள். கடல் தாண்டிய மூன்று ஊரிலும் பேயை ஓரிடத்தில் அறைந்து நிறுத்தவே மனிதன் பார்த்திருக்கிறான். ஓட்டிவிட்டால் திரும்பிவரும் என்ற பயம் போலும். முருங்கை மரத்து வேதாளமும் அப்படித்தானே.

ஒரு பெருமையையும் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களின் பேய் ரத்தத்தை அப்படியே குடிக்கும். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் நம் பேய்கள் முதலில் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்துவிட்டு, முறையாக அடுப்பு மூட்டிக் கூழ் சமைத்துத்தான் உண்ணும்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். இறந்தவர் எழுந்துவந்து ரத்தம் குடிக்கிறார் என்று இத்தனை ஊர்கள் ஒரே குரலில் சொல்ல, அதில் எதுவுமே இல்லாமல் போகுமா?

சுவா சூ காங் கைகள்

பரணி ஐயா, இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. நான் ஈமச்சடங்கு வேலையில் இருந்தவன். கல்லறை தோண்டும் பணிக்கும் போயிருக்கிறேன். சுவா சூ காங் இடுகாட்டில் புதைத்தால் 15 ஆண்டுதான், பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். ஆகவே, பேய் இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்தவன் இங்கே அநேகமாக நான் ஒருவன்தான்.

15 ஆண்டுக்குப் பிறகு என்ன இருக்கும்? ஈர மண், எலும்பு, கெடாத நைலான் துணி. ஒருமுறை பல்செட் ஒன்று கிடைத்தது, கழுவினால் மாட்டிக்கொள்ளலாம் போல. ஒரு சீனக் குடும்பம் விடியற்காலையில் வந்து எலும்பின்மேல் வெயில் படாமல் குடை பிடித்தது. அது இறந்தவருக்குக் காட்டும் மரியாதை. வெயில் பட்டால் ரத்தக் காட்டேரி சாம்பலாகும் என்று நம்புகிறோமே, அது 1922இல் வந்த ஜெர்மானிய மௌனப்படம் சேர்த்த சரக்கு. 1897இல் வந்த நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான்.

பயம் பிறப்பது 15 ஆண்டு கழித்துத் திறக்கும் பெட்டியில் இல்லை, பத்து நாளில் திறக்கும் பெட்டியில். நம் வெப்பத்தில் பதப்படுத்தாத உடல் இரண்டு மூன்று நாளில் உப்பிவிடும். ஒல்லியாகச் செத்தவர் சாப்பிட்டுக் கொழுத்தவர் போலத் தெரிவார். உள்ளே சேரும் வாயு நுரையீரலை அழுத்த, வாயிலும் மூக்கிலும் ரத்தம் போன்ற கறுஞ்சிவப்பு நீர் வழியும். மேல்தோல் உரிந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் போல ஒன்று தெரியும். நகம் கழன்று, புது நகம் முளைத்தது போல இருக்கும். முதல்முறை ஓர் உடலைப் புரட்டியபோது அது "ம்ம்" என்று முனகியது. நான் கதவுக்கு வெளியே நின்றேன். எப்படிப் போனேன் என்பது இன்றுவரை தெரியாது. மூத்தவர் நிதானமாகச் சொன்னார்: "காற்று, தம்பி. தொண்டை வழியாகப் போகிறது. வந்து காலைப் பிடி."

1725இல் செர்பியாவில் பீட்டர் பிளோகோயோவிட்ஸ் என்பவரின் கல்லறையைத் திறந்த அதிகாரி எழுதிவைத்ததும் இதுவேதான்: புதுத்தோல், புது நகம், வாயில் ரத்தம். 1732இல், ரத்தக் காட்டேரி என்று சொல்லப்பட்ட அர்னோல்ட் பாவோலே என்பவரின் விவகாரத்தில் ராணுவ மருத்துவர்களே அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கைகளில் பொய் இல்லை என்பேன். பார்த்ததை எழுதினார்கள், பிணம் எப்படி அழுகும் என்று தெரியாமல் எழுதினார்கள். கழு இறக்கினால் ரத்தம் பீறிட்டது, பிணம் அலறியது என்பதும் வாயுவின் வேலைதான். 1755இல் ஆஸ்திரிய மகாராணி மரியா தெரேசா தம் மருத்துவர் வான் ஸ்வீட்டனை விசாரிக்கச் சொன்னார். அவர் இது அறியாமை என்று எழுதிக்கொடுக்க, பிணங்களைத் தோண்டிக் கழுவேற்றும் வழக்கத்துக்குத் தடை வந்தது.

ஆனால் பயத்துக்குத் தடை போட முடியுமா? 1892இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் மெர்சி பிரவுன் என்ற 19 வயதுப் பெண் காசநோயில் இறந்தாள். குளிர்காலம், உடல் கெடவில்லை. அவள்தான் வந்து அண்ணனின் உயிரை உறிஞ்சுகிறாள் என்று இதயத்தை எடுத்து எரித்து, சாம்பலைக் கரைத்து அண்ணனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவனும் போனான். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டுபிடித்துப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பெண்ணை நினைத்தால்தான் எனக்கு வருத்தம். இறந்த பிறகும் பழி.

கணக்கு வாத்தியார்

நான் எதையும் பார்த்ததில்லை, ஆகவே தகுதியில்லை. ஒரு கணக்கை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன். கடிபட்டவரும் ரத்தக் காட்டேரியாக மாறுவார் என்கிறார்களே. மாதம் ஒருவரைக் கடித்தால் போதும், எண்ணிக்கை இரட்டித்துக்கொண்டே போகும். சிங்கப்பூரின் 60 லட்சம் பேருக்கு 23 மாதம். விண்ணப்பித்த அடுக்குமாடி வீட்டின் சாவி கைக்கு வருமுன் தீவு காலி. காஸ்டஸ் எஃப்திமியூ என்ற இயற்பியலாளர் 1600ஆம் ஆண்டில் தொடங்கி உலகத்துக்கே இந்தக் கணக்கைப் போட்டார். இரண்டரை ஆண்டில் மனித இனம் முடிந்தது.

இன்னொன்று, ரத்தம் மட்டமான உணவு. பெரும்பாலும் தண்ணீர், மிச்சம் புரதம். அதை மட்டுமே குடித்து வாழும் பாலூட்டிகள் லத்தீன் அமெரிக்காவின் மூன்று வகை வௌவால்கள்தான். ஓர் இரவில் தம் எடையில் ஏறக்குறைய பாதி அளவு குடிக்கும். அந்த விகிதத்தில் 60 கிலோ டிராகுலாவுக்கு ஓர் இரவுக்கு ஆறு பேர் வேண்டும். இரண்டு மூன்று இரவு குடிக்காவிட்டால் வௌவால் செத்துவிடும். அதனால் வயிறு நிறைந்த வௌவால், பசியோடு வந்த தோழிக்கு ரத்தத்தைக் கக்கிக் கொடுக்கும்.

ஐந்து பை

பசித்த தோழிக்குக் கக்கிக் கொடுக்கும் என்று வாத்தியார் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எல்லாரும் பேயைச் சொன்னீர்கள். அவள் எப்படிப் பேயானாள் என்பதில் யாரும் நிற்கவில்லை. பொந்தியானாக் பிரசவத்தில் செத்த பெண். அந்தக் காலத்தில் பிரசவத்தில் செத்தவர்களில் பலர் ரத்தம் போய்த்தான் செத்திருப்பார்கள். பாய் நனைந்து, தரை நனைந்து, ஒருத்தி வெளுத்துப்போய்க் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, யாரோ குடித்துவிட்டார்கள் என்று தோன்றாமல் என்ன செய்யும்? வெள்ளைச் சேலை, வெளுத்த முகம், ரத்தத்துக்குத் தாகம். அவளிடமிருந்து போனதைத்தான் அவள் திரும்பக் கேட்கிறாள் என்று எனக்குப் படுகிறது.

எனக்கு இது தெரியும். இரண்டாவது பிரசவம், மகன் பிறந்து இருபது நிமிடம். கால் ஈரமாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு குளிர். பல் தந்தி அடித்தது. பேசிக்கொண்டிருந்த அறை பேச்சை நிறுத்தியது. தாதி என் வயிற்றை முழங்கையால் அழுத்தியதும், யாரோ ஓடியதும் நினைவிருக்கிறது. தாகம் என்றால் அப்படி ஒரு தாகம். "தண்ணீர்" என்று கேட்டேன், தரவில்லை.

ரத்தப் பைகள் வந்தன. இரண்டு தாதியர் எதிரெதிரே நின்று பையிலிருந்த எண்ணையும் என் மணிக்கட்டுப் பட்டையிலிருந்த எண்ணையும் மாற்றி மாற்றி வாசித்தார்கள், மந்திரம் சொல்வது போல. ரத்தம் குளிராக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. முழங்கை வழியாக அது ஏறுவது தோள்வரை தெரிந்தது. மூன்றாவது பையில் நடுக்கம் நின்றது. ஐந்தாவது பையில் மகனைக் கேட்டேன்.

ஊர் பேர் தெரியாத ஐந்து பேர். சீனரோ, மலாய்க்காரரோ, தமிழரோ. நிபந்தனைப்படியே சொல்கிறேன் பேரன் தம்பி: ரத்தத்தால் உயிர் பிழைத்த ஒருத்தியை நான் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

தெக்கோங் காவல்காரன்

அக்கா, என் பதிவில் சிரித்ததற்காக அந்தக் கல்லறை மரத்திடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது.

பரணிப் பித்தன்

பேரன் தம்பி, அந்த ஆணியைப் படம்பிடித்துப் போடுங்களேன்.

செம்பவாங் பேரன்

போடலாம் என்றுதான் டின்னைத் திறந்தேன். மூக்குத்தித் திருகு இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது. ஆணியைக் காணோம். அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிராமலே "எனக்கென்ன தெரியும்" என்றார்.

தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். பாட்டியின் கதையைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பவள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய பையைக் கதவோரம் தயாராக வைத்திருந்தாள். குழந்தைக்குச் சட்டை, துண்டு, கைப்பேசி மின்னூட்டி. பையின் பக்கவாட்டு உறையில், வெள்ளைத் துணியின் மூலையில், செங்கல் நிறத்தில் நீளமாக ஒரு கறை.

ஆணியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டாயா என்று மட்டும் கேட்டுவைத்தேன்.