சைக்கிள் ஓட்டினால் வலது முழங்கால் வலி: ‘பைக் ஃபிட்டிங்’குக்குப் பணம் செலவழிக்கலாமா?

திருவான்மியூர்க்காரன்:
வணக்கம். வயது 43. நான்கு மாதங்களுக்கு முன்பு ரோடு சைக்கிள் வாங்கினேன். ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை போய்த் திரும்புவேன், 50 கிலோமீட்டருக்குச் சற்று மேல். முதல் இரண்டு மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. இப்போது 35 கிலோமீட்டர் தாண்டினால் வலது முழங்காலில், சில்லுக்கு நேர் கீழே, கட்டைவிரலால் அழுத்துவது போல வலிக்கிறது. வீட்டில் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறேன். எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் எலும்பில் கோளாறு இல்லை என்றார். “சைக்கிளை விட்டுவிட்டு நடக்கலாமே” என்றும் சொன்னார்.

உடன் ஓட்டுபவர்கள் பைக் ஃபிட்டிங் (நம் உடம்புக்கு ஏற்பச் சைக்கிளின் சீட், ஹேண்டில்பார், பெடலை அளந்து பொருத்துவது) செய்யச் சொல்கிறார்கள். ஓர் இடத்தில் 8,000 ரூபாய் கேட்டார்கள். (வீட்டில் சொன்னபோது, மோட்டார் சைக்கிளுக்கு எதை மாட்டப் போகிறீர்கள் என்று கேட்டாள் மனைவி.) டிசம்பரில் 200 கிலோமீட்டர் பிரெவே (நேரக் கெடு வைத்த நெடுந்தூர ஓட்டம்) ஓட்ட ஆசை. பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஃபிட்டிங்கால் உண்மையில் வலி போகுமா?

பழைய ராலி:
தம்பி, பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஓர் அளவு நாடாவை எடுங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகு சாய்த்து நின்று, தடித்த புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே சீட்டில் உட்காரும் அழுத்தத்தில் மேலே இறுக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் உள்கால் நீளம். அதை 0.883ஆல் பெருக்குங்கள். பெடல் கிராங்க் சுழலும் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை ஏறக்குறைய அவ்வளவு இருக்க வேண்டும். அமெரிக்கப் பந்தய வீரர் கிரெக் லெமாண்ட் பிரபலப்படுத்திய கணக்கு இது. ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் இப்போதைய கிளிப் பெடல்களுக்குச் சில மில்லிமீட்டர் குறைத்துக்கொள்ளலாம்.

சில்லுக்கு முன்பக்கமும் கீழும் வலித்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சீட் தாழ்ந்திருப்பதை. நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

திருவான்மியூர்க்காரன்:
அளந்தேன், அண்ணா. உள்கால் 81 செ.மீ., கணக்குப்படி 71.5 வருகிறது. என் சைக்கிளில் இருப்பது 67! வாங்கிய கடையில், உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் ஊன்ற வேண்டும் என்று சொல்லித்தான் வைத்துக் கொடுத்தார்கள்.

பழைய ராலி:
நினைத்தேன். சிக்னலில் கால் ஊன்றுவதற்குச் சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள். சீட் தாழ்ந்தால் பெடல் மேலே வரும் ஒவ்வொரு முறையும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும், அந்த மடிப்பில்தான் அழுத்தி மிதிக்கிறீர்கள். நிமிடத்துக்கு 85 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 5,100 முறை. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 டிகிரி வரை மடிந்திருந்தால் போதும்.

ஆனால் ஒரே நாளில் நாலரை செ.மீ. ஏற்றிவிடாதீர்கள். ஐந்து மில்லிமீட்டர், இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு இன்னோர் ஐந்து. முழங்காலின் பின்பக்கம் இழுத்தாலோ, பின்னால் வருபவர் உங்கள் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடுகிறது என்றாலோ உயரம் மிஞ்சிவிட்டது. ஏற்றுவதற்கு முன் சீட் கம்பியில் பழைய உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டிவையுங்கள். பெல்ஜியப் பந்தய வீரர் எடி மெர்க்ஸ் 1969இல் பிரான்சின் புளுவாவில் விழுந்து அடிபட்ட பிறகு காலமெல்லாம் சீட் உயரத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டால் எது எதனால் சரியானது என்றே தெரியாது.

எதிர்காற்று:
நான் ஃபிட்டிங் செய்துகொண்டேன், பயனில்லை. இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் ஒளிப்புள்ளி ஒட்டி, இரண்டு மணி நேரம் படம் பிடித்தார்கள். என் காலை அவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை. வலி மட்டும் அப்படியே இருந்தது. வாரத்துக்கு எத்தனை கிலோமீட்டர், எந்த கியர் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முட்டுக்காடு பாலத்தில் எதிர்காற்றில்கூடப் பெரிய கியரைக் குறைக்காமல் நிமிடத்துக்கு 55 சுற்றில் மிதிப்பவன் நான். கியரைக் குறைத்து 80க்கு மேல் சுற்றப் பழகியதும் இரண்டு மாதத்தில் வலி போனது. அந்தப் பணத்துக்கு எத்தனை டயர் வாங்கியிருப்பேன்!

மூட்டு மருத்துவம்:
இயன்முறை மருத்துவராகச் சொல்கிறேன். இருவர் சொல்வதும் சரி. முழங்கால் வலிக்குச் சைக்கிளின் அமைப்பு ஒரு காரணம்தான். ஃபிட்டிங் மட்டுமே வலியைப் போக்கும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் வலுவாக இல்லை. நான் முதலில் கேட்பது, வலி தொடங்குவதற்கு முந்தைய மாதத்தில் எதை மாற்றினீர்கள் என்பதைத்தான். தூரமா, வேகமா, ஷூவா?

எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். நீங்கள் சொல்லும் இடத்தில் இருப்பது தசைநாண், அதை எக்ஸ்ரேயை வைத்து முடிவுசெய்ய முடியாது. வீக்கம் வந்தாலோ, கால் மடக்கிய இடத்தில் மாட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது முழங்கால் நழுவுவது போலிருந்தாலோ ஃபிட்டிங்கை மறந்துவிட்டு மீண்டும் மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால், தினம் மாடிப்படியில் ஒரு காலால் மெதுவாக, ஐந்து எண்ணும் வரை இறங்கிப் பழகுங்கள். தொடையும் பிட்டத்தசையும் வலுப்பட வேண்டும். சற்று வலிக்கலாம், மறுநாள் காலை அது கூடியிருக்கக் கூடாது.

ஓய்வைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். 1980இல் மஞ்சள் சட்டையோடு, அதாவது முதலிடத்தில் இருந்த பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ முழங்கால் வலியால் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை விட்டு விலகினார். அதே ஆண்டு உலகச் சாம்பியனும் ஆனார்.

திருவான்மியூர்க்காரன்:
தூரம், ஷூ இரண்டையும் மாற்றியிருக்கிறேன், டாக்டர். பிரெவே ஆசையில் மூன்றே வாரத்தில் 50லிருந்து 90 கிலோமீட்டருக்குத் தாவினேன். அதே நேரத்தில் நண்பர் தந்த கிளிப் ஷூவையும் போட ஆரம்பித்தேன்.

செயின் எண்ணெய்:
ஷூவின் அடியில் இருக்கும் கிளீட் (பெடலில் பூட்டிக்கொள்ளும் கட்டை) என்ன நிறம்?

திருவான்மியூர்க்காரன்:
சிவப்பு. ஷிமானோ.

செயின் எண்ணெய்:
அதில் பாதம் பக்கவாட்டில் துளியும் அசையாது. மஞ்சளில் ஆறு டிகிரி அசைவு உண்டு. நண்பரின் பாதத்துக்கு ஏற்பத் திருகிய கோணத்தில் உங்கள் பாதத்தைப் பூட்டி ஓட்டியிருக்கிறீர்கள். கால் திரும்ப நினைக்கும், ஷூ விடாது, நடுவில் முழங்கால் மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் வலிப்பதற்கு இது காரணமாக இருக்கலாம். மஞ்சள் மாட்டுங்கள். ஆனால் கோணத்தை நாமே குனிந்து பார்த்துச் சரியாக வைப்பது கடினம். இதற்கு ஃபிட்டரிடம் போகலாம்.

திருவான்மியூர்க்காரன் (ஐந்து வாரம் கழித்து):
நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு வாரம் 25 கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. சீட்டை ஐந்து ஐந்தாக ஏற்றி 70.5இல் நிறுத்தியிருக்கிறேன். 71இல் வலது முழங்காலின் பின்பக்கம் இழுத்தது, இறக்கிவிட்டேன். முன்பக்க வலி முக்கால்வாசி அதிலேயே போனது. ஆனால் சில்லின் வெளிப்பக்கம் ஒரு நெருடல் மிச்சமிருந்தது.

ஆகவே ஃபிட்டிங்குக்குப் போனேன், கையில் ஒரே ஒரு கேள்வியோடு: ஏன் வலது கால் மட்டும்? அந்த ஃபிட்டர் சைக்கிளைத் தொடுவதற்கு முன் என்னை வெறுங்காலோடு நடக்கச் சொன்னார். என் வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பியே விழுகிறது. 43 வருடமாக எனக்குத் தெரியாது. மஞ்சள் கிளீட்டை அந்தப் போக்குக்கே திருப்பி மாட்டினார். சீட் உயரத்தை அளந்து பார்த்துவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்றார். போன ஞாயிறு கோவளம் போய் வந்தேன். மாடிப்படியில் கைப்பிடியைத் தொடவில்லை.

பிரெவேயைப் பிப்ரவரிக்குத் தள்ளிவிட்டேன். ஒரே ஒரு சிக்கல். இப்போது 40 கிலோமீட்டர் தாண்டினால் இரண்டு கையிலும் சுண்டுவிரல் மரத்துப்போகிறது.

பழைய ராலி:
சீட்டைத் தாங்கும் குழாய் பின்பக்கம் சாய்ந்தது, தம்பி. மூன்றரை செ.மீ. ஏற்றினால் சீட் ஏறக்குறைய ஒரு செ.மீ. பின்னாலும் போயிருக்கும். ஹேண்டில்பாரும் உங்களுக்கு இப்போது தாழ்ந்துவிட்டது. கையில் பாரம் கூடியிருக்கும். விரலைப் பற்றி ஃபிட்டரிடம் சொன்னீர்களா?

திருவான்மியூர்க்காரன்:
இல்லை அண்ணா. முழங்காலைப் பற்றி மட்டும்தான் கேட்டேன்.